பழகும் கைக்கும் படியளக்க வேண்டும்



பல்கலைக்கழகத் தேர்வுகள் முடிவுறும் பருவம் வந்துவிட்டால், மும்பைவாழ் தமிழர் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான்: பட்டம் பெறப்போகும் பிள்ளையை அடுத்து எங்கே அனுப்புவது? வங்கித் தேர்வா, இரயில்வேத் தேர்வா, ஆசிரியப் பயிற்சியா என்ற மூன்று வினாக்களையே நம் பெற்றோர் நெடுங்காலம் சுற்றி வந்துள்ளனர். இப்போது பிள்ளைகள் நான்காவதாக ஒன்றைக் கொண்டுவந்து நம்முன் வைக்கின்றனர். 'மக்கள் தொடர்பு' என்னும் துறையில் கோடைக்காலப் பயிற்சி என்பது அதன் பெயர். இரண்டு மாதமோ மூன்று மாதமோ ஒரு நிறுவனத்தில் அமர்ந்து தொழில் பழக வேண்டும். சில நிறுவனங்கள் அக்காலத்துக்கு மாதந்தோறும் உதவித்தொகை தருகின்றன. சில வெறும் சான்றிதழை மட்டும் தருகின்றன. இன்னும் சில, பழக வருபவரிடமே பணம் கேட்கின்றன. இவற்றுள் எதை ஏற்பது, எதை விலக்குவது என்பதை இத்திங்கள் இப்பகுதியில் ஆராய்வோம்.

மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேக் காரியாலயத்தில் கோப்புகளுக்கிடையே நாள் கழிக்கும் குமாஸ்தாவாகிய நமக்கு இதைப் பற்றி எழுத என்ன உரிமை என்று அன்பர்கள் கேட்கலாம். உரிமை உண்டு. மக்கள் தொடர்புத் தொழிலுக்கும் இரயிலுக்கும் உள்ள உறவு நூறாண்டுக்கு மேற்பட்டது. தொழில் பழகுகிறவனுக்கும் படியளக்க வேண்டும் என்பதும் இரயில்வேப் பட்டறைகளில் ஊறிய வழக்கமேயாகும். இவ்விரண்டையும் சொல்லவே எழுதுகோலை எடுத்தோம்.

முதலில், மக்கள் தொடர்பு என்பது யாது? தமிழர்க்கு இச்சொல் புதிதன்று. திரைப்படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப்பட்டியலில் 'மக்கள் தொடர்பு' என்றொரு வரி வருவதை எல்லோரும் கண்டிருப்போம். 1958-ஆம் ஆண்டு வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்துக்கு அப்பணியை மேற்கொண்ட பிலிம் நியூஸ் ஆனந்தன் அவர்களையே தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. என்று கூறுவர். அதே 1958-ஆம் ஆண்டில்தான் இந்திய மக்கள் தொடர்புச் சங்கமும் தோன்றிற்று. பத்தாண்டு கழித்து, 1968 ஏப்ரல் 21-ஆம் நாள் புதுதில்லியில் இத்துறையினரின் முதல் அகில இந்திய மகாநாடு கூடி, தொழிலுக்கென ஓர் ஒழுக்க நெறியை ஏற்றது. அந்நாளே பின்னர் தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடப்படலாயிற்று.

திரைப்படத்துக்கு மட்டுமன்று, ஆலைக்கும், மருத்துவமனைக்கும், வங்கிக்கும், அரசுக்கும் இப்பணி உண்டு. ஒரு நிறுவனம் செய்வதை மக்களுக்கு எடுத்துரைப்பதும், மக்கள் எண்ணுவதை நிறுவனத்துக்கு எடுத்துச் செல்வதுமே இதன் சாரம். விளம்பரம் வேறு, இது வேறு. விளம்பரத்துக்குப் பத்திரிகையில் இடத்தை விலை கொடுத்து வாங்கலாம். செய்தியை அப்படி வாங்க முடியாது. ஆசிரியர் அதைச் செய்தி என்று ஒப்புக்கொண்டு தாமே வெளியிட வேண்டும். விலைக்குக் கிடைக்காத அந்த நம்பிக்கையை ஈட்டித் தருவதற்குத்தான் இத்தொழிலில் ஊதியம்.

சென்ற ஆண்டு நம் குடியிருப்பிலேயே இதுபற்றி ஒரு வழக்கு எழுந்தது. கீழ்வீட்டு அண்ணாச்சி திருநெல்வேலிச் சீமைக்காரர். இரயில்வேப் பட்டறையில் தொழில்நுட்பப் பணியாளர். ஓய்வு பெற ஓராண்டே எஞ்சியிருந்தது. அவருடைய மகள் வெகுஜனத் தொடர்பியலில் பட்டத் தேர்வு எழுதியிருந்தாள். அப்பெண்ணுக்கு இரண்டு நிறுவனங்களிலிருந்து பயிற்சிக்கான கடிதங்கள் வந்திருந்தன. ஒன்று, ஊரெல்லாம் பெயர் பெற்ற பெரிய நிறுவனம்; மூன்று மாதம், ஊதியம் ஏதுமில்லை. மற்றது அவ்வளவாகப் பெயர் தெரியாத சிறிய நிறுவனம். இரண்டு மாதம், மாதம் பத்தாயிரம் ரூபாய். வங்கித் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் எண்ணம். கடிதங்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு அவர் நம்மிடம் வந்தபோது, ஐயங்களும் இரண்டு கொண்டுவந்தார்.

"பொய்யப் பொட்டலங் கட்டி விக்குத வேலதானே தம்பி இது?" என்பது முதல் ஐயம்.

"பட்டறையில ஸ்பேனர் புடிக்கப் பழகுதவனுக்கே காசு குடுத்தாவ. பட்டம் படிச்ச புள்ள எதுக்கு ஓசியில உழைக்கணும்?" என்பது இரண்டாவது.

இவ்விரண்டு ஐயங்களும் அவருக்கு மட்டும் உரியன அல்ல. நம் இல்லங்கள் பலவற்றில் எழுபவையே. ஆதலின் ஒவ்வொன்றாக விடை காண முயல்வோம்.

பொய்யை விற்கும் தொழிலா என்பதற்கு விடை, ஓர் இரயில் விபத்தில் இருக்கிறது. 1906 அக்டோபர் 28-ஆம் நாள், அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி நகருக்கருகே ஒரு மின்சார இரயில் பாலத்தில் தடம் புரண்டு நீரில் வீழ்ந்தது. ஐம்பத்து மூவர் மாண்டனர். அக்கால இரயில் கம்பெனிகளின் வழக்கம், விபத்து நேர்ந்தால் வாய் திறவாமலிருப்பதும், நிருபர்களை அவ்விடத்துக்கு அண்டவிடாமல் தடுப்பதுமாகும். அந்த இரயிலின் உரிமை பெற்றிருந்த பென்சில்வேனியா இரயில்ரோடு கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ என்பவர் இவ்வழக்கத்தை மாற்றினார். நடந்ததை எழுத்தில் வடித்துக் கம்பெனியின் பெயராலேயே பத்திரிகைகளுக்கு வழங்கச் செய்தார். நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துச் செல்லவும் ஏற்பாடு செய்தார். 'நியூயார்க் டைம்ஸ்' அக்குறிப்பை எழுத்து மாறாமல் அச்சிட்டது. உலகின் முதல் பத்திரிகைச் செய்திக்குறிப்பு இதுவே என்று இத்துறையினர் பலர் கூறுவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முயன்ற காலத்தில், பூசணிக்காயை எடுத்து இலையின் நடுவே வைத்த செயல் இது.

ஆயினும் அண்ணாச்சியின் ஐயம் ஆதாரமற்றதன்று. அதே ஐவி லீ, 1914-ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது முதலாளியர் தரப்பில் அமர்ந்தார். அவர் அச்சிட்டுப் பரப்பிய துண்டறிக்கைகளில் உண்மைக்கு மாறான செய்திகள் பல இருந்தன. பின்னர் அவை வெளிப்பட்டு, அவருடைய பெயருக்கு நீங்காத களங்கமாயின. ஒரே மனிதர், ஒரே தொழில். உண்மையைச் சொன்னபோது கம்பெனிக்கும் நாட்டுக்கும் நன்மை. பொய் சொன்னபோது தமக்கே கேடு. அரிவாள் கதிரையும் அறுக்கும், காலையும் அறுக்கும். அதற்காகக் கருமானைப் பழிப்பதற்கில்லை. பிடிக்கும் கையைத்தான் பழக்க வேண்டும்.

நம் நாட்டு இரயில்வேயும் இத்தொழிலில் பழுத்த அனுபவம் உடையது. 1920-களில் கிரேட் இந்தியன் பெனின்சுலா இரயில்வே தனக்கென ஒரு விளம்பரப் பிரிவை அமைத்து, திருவிழாக்களிலும் பொருட்காட்சிகளிலும் திறந்தவெளியில் நடமாடும் சினிமாவைக் காட்டிற்று. இங்கிலாந்திலும் இந்தியப் பயணத்தைப் பற்றிப் பிரசாரம் செய்தது. 1951 நவம்பர் 5-ஆம் நாள் மத்திய இரயில்வேயில் இணைந்த அந்தப் பழைய கம்பெனியின் கட்டடத்தைத்தான், அலுவலகம் செல்லும் நம்மவர் பலர் போரிபந்தரில் நாள்தோறும் கடந்து செல்கின்றனர். இரயில்வேயின் 150-ஆம் ஆண்டையொட்டி 2002-ஆம் ஆண்டில் பிறந்த, கையில் பச்சை விளக்கேந்திய 'போலு' யானைக் கார்டை அறியாத குழந்தை உண்டோ? அதுவும் மக்கள் தொடர்பின் வேலையே. இன்று ஒவ்வொரு மண்டல இரயில்வேக்கும் ஒரு தலைமை மக்கள் தொடர்பு அதிகாரி இருக்கிறார். பெருமழையில் தண்டவாளம் மூழ்கும் நாளில், எந்த வண்டி ஓடும், எந்த வண்டி ஓடாது என்று அப்பிரிவினர் உரிய நேரத்தில் உண்மையைச் சொல்லாவிட்டால், தாதரிலும் குர்லாவிலும் இலட்சக்கணக்கானோர் வீணே நிற்க நேரும். உண்மை இங்கே வெறும் அறமன்று. மக்கள் வீடு போய்ச் சேரும் வழி.

இனி, பயிற்சிக்குச் செல்லும் பிள்ளை அங்கே என்ன செய்கிறது என்று பார்ப்போம். காலையில் செய்தித்தாள்களையும் இணையத்தையும் துருவி, தம் நிறுவனத்தைப் பற்றியும் அத்துறையைப் பற்றியும் வந்தவற்றைத் தொகுத்து மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். எந்தப் பத்திரிகையில் எந்த நிருபர் எத்துறையை எழுதுகிறார் என்ற பட்டியலைத் திருத்தி வைக்க வேண்டும். பத்திரிகையாளர் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பி, வந்தவர்க்குக் குறிப்புகளைக் கொடுத்து, மறுநாள் எதில் என்ன வந்தது என்று கணக்கெடுக்க வேண்டும். சில வாரம் சென்றபின், செய்திக்குறிப்பை எழுதும் பொறுப்பு வரும்.

அதை எழுதுவதற்கும் ஒரு முறை உண்டு. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்னும் வினாக்களுக்கு முதற்பத்தியிலேயே விடை இருக்க வேண்டும். முக்கியமானது மேலே, மற்றது கீழே. இடம் போதாதபோது பத்திரிகை ஆசிரியர் கீழிருந்துதான் வெட்டுவார் என்பதே காரணம். ஐயம் தோன்றினால் யாரைக் கேட்பது என்பதற்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் இறுதியில் இருக்க வேண்டும். இக்காலத்தில் கணிப்பொறியே நொடிப்பொழுதில் ஒரு குறிப்பை எழுதித் தந்துவிடுகிறதே, பயிற்சி எதற்கு என்று சிலர் வினவுகின்றனர். எழுதித் தரும், ஆனால் மருத்துவ முகாம் நடந்த தெரு அதுதானா, வந்தவர் நூற்றுவரா இருநூற்றுவரா என்று தொலைபேசியில் நாலு பேரைக் கேட்டு உறுதி செய்யும் பொறுப்பு மனிதனுடையதே. அந்தப் பொறுப்பைப் பழகுவதுதான் பயிற்சி.

இத்தொழிலில் நம் பிள்ளைகளுக்கு ஒரு பிதிரார்ஜிதம் இருப்பதையும் சொல்ல வேண்டும். அது நிலபுலமன்று, நாவிலே இருக்கும் செல்வம். மும்பையில் பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டிலே தமிழும், இரயில் பெட்டியிலே மராத்தியும், கடைத்தெருவிலே இந்தியும், கல்லூரியிலே ஆங்கிலமும் பேசுகிறது. அண்டை வீடு குஜராத்தியர் வீடாயின் அதுவும் கொஞ்சம் வருகிறது. இந்நகரிலோ ஒவ்வொரு மொழிக்கும் பத்திரிகை உண்டு. 1822-ஆம் ஆண்டு முதல் வெளிவரும் குஜராத்தி 'மும்பை சமாசார்' இன்றும் விற்பனையாகிறது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதத் தெரிந்தவர் அனுப்பும் குறிப்பு, இத்தனை மொழியினரின் இல்லங்களுக்குள் எப்படி நுழையும்? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது பழமொழி. நான்கு வாயுள்ள பிள்ளை நன்றாகவே பிழைக்கும். தமிழ் பேசினால் மற்ற மொழி வராது என்று வீட்டிலே தமிழை ஒதுக்கும் பெற்றோர் இதைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

இனி இரண்டாவது ஐயம்: ஊதியமின்றி உழைக்கலாமா?

தொழில் பழகுகிறவன் ஆசானுக்குத் தொண்டு செய்து கற்பதே முறை, கூலி கேட்பது முறையன்று என்று கூறுவோர் உளர். ஆனால் இரயில்வே அவ்வாறு எண்ணவில்லை. பீகாரில் உள்ள ஜமால்பூர்ப் பட்டறையில் 1927-ஆம் ஆண்டிலிருந்து, தேர்வில் வென்ற வாலிபர்களை உதவித்தொகை கொடுத்தே இயந்திரப் பொறியாளராக்கினர். அத்தேர்வு இப்போது நின்றுபோயிற்று எனினும், அவ்வழியே வந்தவர் பலர் இரயில்வேயின் உயர்பதவிகளில் அமர்ந்தனர். பரேலிலும் பெரம்பூரிலும் பொன்மலையிலும் பட்டறைகளில் பழகும் தொழில் பழகுநர்க்கும் சட்டப்படி மாத உதவித்தொகை உண்டு. கற்கும் காலத்திலும் வயிறு பசிக்கும் என்பதை இரும்படிக்கும் பட்டறை அறிந்திருக்கிறது. பளிங்குத்தரை போட்ட அலுவலகங்கள் சில அறியவில்லை. அமெரிக்க ஜனாதிபதி மாளிகையிலே பயிலும் இளைஞர்க்குங்கூட 2022-ஆம் ஆண்டில்தான் ஊதியம் தரத் தொடங்கினர்.

இது பத்தாயிரம் ரூபாயைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. டோம்பிவிலியிலிருந்து கோட்டைப் பகுதிக்குப் போய்வரப் பாஸ், மதிய உணவு, காரியாலயத்துக்கேற்ற இரண்டு மூன்று ஆடை, கைப்பேசிக் கட்டணம் என்று செலவு வரிசையாக நிற்கும். செல்வர் வீட்டுப் பிள்ளை இதைப் பொருட்படுத்தாது. மூன்று மாதமல்ல, ஆறு மாதமும் ஊதியமின்றிப் பெரிய நிறுவனத்தில் அமர்ந்து பெயர் சம்பாதிக்கும். நம் வீட்டுப் பிள்ளை வாசலிலேயே திரும்பிவிடும். இப்படி ஆண்டுதோறும் நடந்தால், இத்தொழிலில் யார் நிறைவர்? தாராவியைப் பற்றியும், சாலில் வாழ்வோரைப் பற்றியும், கடைசி வண்டியில் ஊர் திரும்பும் கூலியாளரைப் பற்றியும் நாட்டுக்கு எடுத்துரைக்கும் எழுதுகோல், அவ்விடங்களில் காலடி வைத்திராதவர் கையிலேயே என்றும் இருக்கும். ஆதலால், உதவித்தொகை என்பது பயிலும் பிள்ளைக்குக் காட்டும் கருணையன்று. எளியவர் வீட்டுக் கதவையும் அத்தொழிலுக்குத் திறந்து வைக்கும் சாவி.

கீழ்வீட்டு வழக்கு எவ்வாறு முடிந்தது என்று நேயர்கள் அறிய விரும்பலாம். பெரிய நிறுவனத்தின் பெயரிலே அப்பெண்ணுக்கு மயக்கமிருந்தது; அது இயல்பே. அண்ணாச்சியும் நாமும் பேசிக்கொண்டிருந்ததை அடுக்களையிலிருந்து கேட்ட மதினிதான் ஒரே வார்த்தையில் தீர்ப்பளித்தார்: "பேரு பெருசுதான் தம்பி. அந்தப் பேரக் காட்டுனா டிக்கெட் கவுண்டர்ல பாஸ் குடுப்பானா?" பெண் சிரித்துவிட்டாள். சிறிய நிறுவனத்திலேயே சேர்ந்தாள்.

முதல் இரண்டு வாரம் செய்திகளைத் தொகுக்கும் வேலையே. இதற்கா பட்டம் படித்தோம் என்று வீட்டில் முணுமுணுத்ததும் உண்டு. பின்னர் ஒரு கண் மருத்துவ முகாமைப் பற்றிய குறிப்பை ஆங்கிலத்தில் எழுதித் தந்தவர்கள், மராத்தியில் எழுத ஆளின்றித் தவித்தபோது, அவள் எழுதினாள். முகாமுக்கு வந்தோர் தொகையைக் கூட்டிப் போடும்படி வாடிக்கையாளர் கேட்டார். அப்பெண்ணுக்கு வழிகாட்டியாக இருந்த அதிகாரி மறுத்து, எண்ணிய எண்ணிக்கையையே எழுதச் சொன்னார். மராத்தித் தாளொன்றில் அது நாலு அங்குலம் வந்தது. அண்ணாச்சி அந்தத் துண்டைத் தம் சர்வீஸ் புத்தகத்தின் நகலோடு சேர்த்து வைத்திருக்கிறார். பொய்ப் பொட்டலம் என்று அவர் பிறகு சொல்லக் கேட்டதில்லை.

இரண்டு மாதம் முடிந்ததும் அந்நிறுவனத்தில் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. அவ்வாண்டு அங்கே இடமில்லை. கையில் மிஞ்சிய பணத்தில் வங்கித் தேர்வு வகுப்புக்கும் பணம் கட்டினாள். ஐந்து மாதம் கழித்து வேறொரு மக்கள் தொடர்பு நிறுவனம், அவளே எழுதி அச்சான குறிப்புகளைப் பார்த்து வேலை தந்தது. தொடக்கச் சம்பளம் பெரிதன்று. எனினும், அண்ணாச்சி ஓய்வு பெற்ற மாதத்தில் அவ்வீட்டில் ஒரு சம்பளம் வந்தது. பெயர் பெற்ற நிறுவனத்துக்குப் போயிருந்தால் இதனினும் நன்றாயிருக்குமோ என்பதை யாரும் அளந்து சொல்ல முடியாது. ஆனால் அவ்வழியில் போக அவர்களிடம் பொருள் இல்லை என்பது உறுதி. வெறுங்கை முழம் போடுமா?

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்திருத்தல் நலம். 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் தொடக்கத்தில் பட்டறைத் தொழில்களையே மனத்திற்கொண்டது. பின்னர்ப் பொறியியல் பட்டதாரிகளும், 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பிற பட்டதாரிகளும் அதனுள் வந்தனர். 2019-ஆம் ஆண்டு விதித்திருத்தம், பட்டதாரிப் பழகுநர்க்கு மாத உதவித்தொகை ரூ. 9,000-க்குக் குறையலாகாது என வரையறுத்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நிறுவனங்கள் தாமாக நடத்தும் கோடைப் பயிற்சிகள் பலவும் இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவை அல்ல. அங்கே கடிதத்தில் எழுதியதே சட்டம். சட்டத்தின்கீழ் வரும் பயிற்சியாயினும், முடிந்தவுடன் வேலை தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை.

மத்திய அரசு 2024-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி பயிற்சித் திட்டத்தில், 21 முதல் 24 வயது வரையுள்ளோர்க்குப் பெரிய நிறுவனங்களில் ஓராண்டுப் பயிற்சியும், மாதம் ரூ. 5,000 உதவித்தொகையும் அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டு வெளியான விதிகளின்படி, குடும்பத்தில் எவரேனும் நிரந்தர அரசு ஊழியராயிருப்பின் விண்ணப்பிக்க இயலாது. இரயில்வேக் குடும்பத்துப் பிள்ளைகள் இணையநிலையத்தில் பணத்தையும் நேரத்தையும் செலவிடுமுன் இதை நினைவிற்கொள்க. தனியார் துறையிலும் சிறுதொழிலிலும் இருக்கும் நம்மவர் அப்போதைய விதிகளைப் பார்த்து முயலலாம்.

பெண்மக்களைப் பெற்றோர்க்கு ஒரு சொல். பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலினின்று காக்க 2013-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், பயிற்சிக்கு வருபவரையும் ஊழியராகவே கருதுகிறது. ஊதியம் உண்டா இல்லையா என்பதைப் பார்ப்பதில்லை. பத்துப் பேருக்குக் குறையாத அலுவலகம் ஒவ்வொன்றிலும் முறையீட்டைக் கேட்க உட்குழு இருந்தாக வேண்டும். அக்குழுவில் யார் யார் உள்ளனர் என்று முதல்நாளே கேட்பது மரியாதைக் குறைவன்று. பயந்து வீட்டில் வைத்துக்கொள்வதைவிட, உரிமையைச் சொல்லி அனுப்புவதே மேல்.

ஆக, பயிற்சிக் கடிதம் கைக்கு வந்தவுடன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தமர்ந்து ஐந்து வினாக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் தருவார்கள் என்பது எழுத்தில் உள்ளதா? எத்தனை வாரம், நாளொன்றுக்கு எத்தனை மணி என்று குறித்திருக்கிறதா? வேலையைக் கற்றுத்தரும் அதிகாரி இன்னார் என்று சொல்கிறார்களா? பிள்ளை எழுதியதன் பிரதியை முடிவில் தன்னிடம் வைத்துக்கொள்ளலாமா? வைப்புத்தொகை, பதிவுக் கட்டணம் என்று ஏதேனும் கேட்கிறார்களா? முதல் நான்குக்கும் ஆம் என்றும், ஐந்தாவதற்கு இல்லை என்றும் விடை வந்தால் துணிந்து அனுப்பலாம். ஐந்தாவதற்கு ஆம் என்று விடை வருமாயின், அக்கடிதத்தை மடித்து அடுப்பில் இடுக. வேலை பழக்குகிறவன் படியளப்பான், படி கேட்கமாட்டான்.

மேற்கொண்டு முறையாகப் படிக்க விரும்புவோர்க்குப் புதுதில்லியில் 1965-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்திய வெகுஜனத் தொடர்பியல் நிறுவனம் போன்றவை உள்ளன. விளம்பரமும் மக்கள் தொடர்பும் அங்கே பாடமாக உண்டு. ஆயினும், செலவழித்துப் படிக்குமுன் இரண்டு மாதம் பழகிப் பார்த்தால், தொழில் தமக்குப் பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். பிடிக்கவில்லையெனில் இழந்தது ஒரு கோடைக்காலமே.

நம் சங்க உறுப்பினருள் நிறுவனங்களில் பொறுப்பான இடங்களில் இருப்போர் பலர். தங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது, பழக வருபவர்க்குப் படி உண்டா என்று ஒருமுறை கேட்பாராக. இல்லையெனில், ஏன் இல்லை என்று மறுமுறையும் கேட்பாராக. அவ்வாறு கேட்கும் குரல் ஒன்று உள்ளே இருந்தால், வெளியே நிற்கும் பிள்ளைகள் பத்துப் பேருக்கு வழி பிறக்கும். ஊர்விட்டு ஊர் வந்து, ஒருவரை ஒருவர் கைதூக்கிவிட்டே இந்நகரில் காலூன்றிய கூட்டம் நம் கூட்டம். அவ்வழக்கம் அடுத்த தலைமுறைக்கும் தொடர்வதாக.

மற்றவை அடுத்த திங்களில்.